கம்பி இடப்பக்கம் நகர்ந்த நாட்கள்

எண்பத்து மூன்றாம் ஆண்டு நாட்குறிப்பை யாராவது எடுத்துப் புரட்டினால் எனக்கு ஏதோ நோய் இருந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். மார்ச் தொடங்கி மே வரை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு எண்கள் இருக்கும், காலை ஒன்று, மாலை ஒன்று. இரத்த அழுத்தமும் இல்லை, மழை அளவும் இல்லை. என் காரின் அடியில் குறுக்காகக் கிடந்த ஓர் உருக்குக் கம்பி அன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்தது என்பதுதான் அது. ஈப்போவை ஒட்டிய எங்கள் குனோங் ராபாட்டில் வேறு எந்த ஆண்பிள்ளையும் இப்படி ஒன்றை எழுதி வைத்திருக்கமாட்டான் என்று என் மனைவி சொல்வாள். அதை நான் மறுத்ததில்லை.

அக்காவுக்காகத்தான் அந்தக் கம்பி.

அக்காவுக்குச் சில வருடங்களுக்கு முன்பு காதுக்குள் ஏதோ கோளாறு வந்து போனது. காது நன்றாகவே கேட்டது. நடந்தால், சமைத்தால், துணி துவைத்தால் ஒன்றும் ஆகாது. வண்டியில் ஏறினால்தான் தொந்தரவு. நேர் ரோட்டில் பேசிக்கொண்டே வருவாள். வளைவு வந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததும் முகம் வெளுத்துவிடும். "பஸ் இந்தப் பக்கம் சாயுது தம்பி, எனக்குள்ள இன்னொரு பஸ் அந்தப் பக்கம் சாயுது" என்று ஒருமுறை சொன்னாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. அக்கா ஈப்போ டவுனுக்குக்கூட வண்டி ஏறாமல், மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் நடந்தே போய் வந்துகொண்டிருந்தாள்.

அந்த ஜனவரியில் அவளுடைய ஒரே மகளுக்கு, காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் சித்தியவானில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் எடுத்திருந்ததால் நிச்சயதார்த்தத்தை அங்கேயே வைத்தார்கள். என் காரில்தான் போனோம். வழியில் புசிங் வரைக்கும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். சிபுத்தே தாண்டுவதற்குள் மூன்று முறை நிறுத்தினோம். நான்காவது முறை இறங்கியவள் ஏற மறுத்துவிட்டாள். சாலையோரக் காப்பிக் கடை பெஞ்சில் அவளைப் படுக்க வைத்து, துணைக்கு என் மனைவியை விட்டுவிட்டு நாங்கள் போனோம். தாய் இல்லாமலே தட்டு மாற்றினோம். திரும்பி வரும்போதும் அக்கா அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவையைக் கசங்காமல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, உள்பாவாடைக்கு மேல் என் மனைவியின் கைலியைக் கட்டியிருந்தாள்.

கல்யாணமும் சித்தியவானில்தான் என்று முடிவானது. வைகாசியில் நாள் பார்த்தார்கள்.

"அம்மா வராட்டி நான் மணவறையில உக்காரமாட்டேன்" என்றாள் மகள்.

"நடந்து வாரேன்டி. இப்பவே கெளம்புனா வைகாசிக்கு வந்துருவேன்லா" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், எதையாவது தேடிப் படிப்பதுதான். அலுவலகம் விட்டதும் நூலகத்துக்குப் போய்ப் பழைய மோட்டார் பத்திரிகைகளைப் புரட்டினேன். வளைவில் கார் சாய்வதைக் குறைக்க ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். கட்டை விரல் பருமனில், அகலமான 'ப' வடிவத்தில் ஓர் உருக்குக் கம்பி. நடுப்பகுதியை இரண்டு இடங்களில் புஷ் என்னும் ஓட்டையுள்ள ரப்பர்த் துண்டு வைத்துக் காரின் உடலோடு பிடித்திருப்பார்கள். இரண்டு முனைகளும் சிறு கோல்கள் வழியாக இரண்டு சக்கரப் பக்கங்களோடு சேர்ந்திருக்கும். ஒரு பக்கம் அமுங்கினால் கம்பி முறுகும், முறுகி மறுபக்கத்தையும் கூட இழுக்கும். சாய்வு பாதியாகக் குறையும். என் ஜப்பான் காரில் முன்பக்கம் மெல்லிசாக ஒன்று இருந்தது, பின்பக்கம் எதுவுமே இல்லை.

ஈப்போவில் பழைய உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றில் பின்பக்கத்துக்கு ஏற்ற கம்பி கிடைத்தது. காரோடு வந்ததல்ல, வேகமாக ஓட்டும் பையன்களுக்காக யாரோ தனியாகச் செய்து விற்றது. சிவப்புப் பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. பிடிக்கும் பிராக்கெட்டும் கோல்களும் இருந்தன. புஷ் மட்டும் இல்லை.

"ரப்பர் இல்லன்னு கவலப்படுறீங்களா? அதுவும் என்கிட்ட?" என்றார் மச்சான்.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். சுங்காய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டடியில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது ஈப்போவுக்கு வந்து, பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். தோட்டத்தை விட்டு வரும்போது நல்ல ஷீட்டாகப் பார்த்து நாலைந்தைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. கட்டிலுக்கடியிலிருந்து நாளிதழ்ச் சுருளைப் பிரித்ததும் அந்தப் புகை வாசனை வீடு முழுக்கப் பரவியது.

ஷீட்டைச் சதுரம் சதுரமாக வெட்டி, அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து இறுக்கி, நடுவில் ஓட்டை போட்டார். நல்ல தேன் நிறம். கையில் வாங்கிப் பார்த்தால் கடையில் விற்பதைவிட அழகாக இருந்தது. அந்த வார இறுதியிலேயே இரண்டு பேருமாகக் காரைச் செங்கல் மேல் ஏற்றிக் கம்பியை மாட்டினோம். முதல் நாள் கீச் கீச்சென்று சத்தம் வந்தது. அதற்கு நான் ஒரு சிறிய வைத்தியம் செய்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு அதை எழுதி வைக்கத் தோன்றவில்லை.

அக்காவை முன் இருக்கையில் உட்கார வைத்து, திடலைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வட்டத்தில் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"பேசாத. ஓட்டு."

ஐந்தாவது வட்டத்தில் அவளே பேச ஆரம்பித்தாள். திடலோரத்து வீட்டுக்காரி மல்லிகைச் செடியை ஏன் வெட்டிவிட்டாள் என்று கேட்டாள். வளைவில் கேட்டாள்! பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான் என் தோளைப் பிடித்து அமுக்கினார். அடுத்த ஞாயிறு சித்தியவான் பாதையில் லாஹாட் வரை போனோம். அதற்கடுத்த ஞாயிறு புசிங். புசிங்கில் அக்கா இறங்கி நின்று ஒரு கிளாஸ் கரும்புச்சாறு குடித்துவிட்டு, வீடுவரை ஒன்றும் ஆகாமல் வந்து சேர்ந்தாள்.

நான்காவது ஞாயிறுதான் அந்தச் சத்தம் வந்தது. வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் இடப்பக்கம் 'டொக்' என்றது. வீட்டுக்கு வந்து படுத்துப் பார்த்தேன். கம்பி முழுசாக இடப்பக்கம் நகர்ந்திருந்தது. அதன் மடக்கு டயரின் உள்பக்கத்தை உரசி, வழியில் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாயையும் தேய்த்திருந்தது. குழாயில் விரல் நக அளவுக்கு ஓர் இடம் பளபளவென்று இருந்தது. எழுந்து போய் அக்காவிடம் சொன்னேன்.

"சத்தம்தானே. தலை சுத்தலையே" என்றாள் அக்கா.

"அந்தக் குழாய் அறுந்தா பிரேக் பிடிக்காதுக்கா."

"அறுந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"பின்ன என்னலா?"

அவளோடு வாதம் செய்ய முடியாது. மகள் கல்யாணத்துக்கு ஏழு வாரம்தான் இருந்தது, அவளுக்குக் கிடைத்த வழி இது ஒன்றுதான். ஆனால் பிரேக் குழாயைப் பார்த்த பிறகு அவளை அந்தக் காரில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறுத்தினேன். அதிலிருந்து அக்கா என்னோடு சரியாகப் பேசவில்லை.

கம்பியை மரச்சுத்தியலால் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்தேன். மனைவியின் நகப்பூச்சை எடுத்து, பிராக்கெட்டை ஒட்டிக் கம்பியில் ஒரு கோடு போட்டேன். தினமும் அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை, வீடு திரும்பியதும் ஒருமுறை, பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து அளந்தேன். அலுவலக வாசலில் கழுத்துப்பட்டியோடு காருக்கடியில் படுத்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

எழுதியதில் ஒன்று தெரிந்தது. காலையில் கம்பி நகர்வதேயில்லை. மாலையில் இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர். பாதை அதே பாதை, வளைவும் அதே வளைவு. மழை பெய்த நாட்களில் மாலையிலும் நகரவில்லை. கார் பகல் முழுக்க அலுவலகத்துக்கு வெளியே வெயிலில் நிற்கும். தார்த் தரை கொதிக்கும். சூட்டுக்கும் நகர்வுக்கும் ஏதோ தொடர்பு என்று அடிக்கோடிட்டு எழுதினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. காரணத்தைத் தேடாமல் தடுப்பைத் தேடினேன்.

தண்ணீர்க் குழாயை இறுக்கும் தகட்டு வளையங்களை வாங்கிக் கம்பியில் மாட்டினேன். இரண்டே நாளில் அவையும் கம்பியோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போயின. பக்கத்து வீட்டுக்காரர் வெல்டிங் வைத்து ஒரு கட்டை ஒட்டிவிடச் சொன்னார். அது நல்ல யோசனையாகத் தோன்றியது. கடைசல் பட்டறை வைத்திருந்த சீன முதலாளியிடம் போனேன், எல்லாரும் அவரைத் தவ்கே என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்து லாரிகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து அவருக்குத் தமிழ் வரும்.

"வெல்டிங்கா? தா போலே, தம்பி. முடியாது" என்றார். "இந்தக் கம்பி முறுக்கு வாங்குற கம்பி. நெருப்புக் காட்டினா அந்த எடம் செத்துப் போச்சு. இன்னைக்கு ஒட்டும், ஒரு நாள் வளைவுல 'டக்'குன்னு ஒடையும். அப்ப எங்கிட்ட வந்து அழக்கூடாது."

"வேற வழி இல்லையா தவ்கே?"

"இருக்கு. வளையம் செஞ்சு தாரேன். ரெண்டு பாதி, நடுவுல போல்ட்டு. கம்பியக் கடிச்சிப் பிடிக்கும்." சொல்லிக்கொண்டே காருக்கடியில் கையை விட்டுத் துழாவினார். கை புஷ்ஷில் நின்றது. கட்டை விரலால் அமுக்கினார். விரலை வெளியே எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ன? இது திங்கிற சாமானா?"

"ரப்பர் ஷீட்டு. என் மச்சான் செஞ்சது."

தவ்கே சிரித்த சிரிப்பில் பட்டறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "உன் மச்சான்கிட்ட சொல்லு. மாவப் பெசஞ்சி வச்சிட்டு ரொட்டின்னு சொல்றாரு. இது இன்னும் அடுப்புக்கே போகல. இந்த மாவுல நான் வளையம் போட்டா, வளையம் மாவுக்குள்ள போயிரும்."

எனக்கு விளங்கிவிட்டது. ஷீட் வெறும் பச்சை ரப்பர், கந்தகம் சேர்த்துச் சூட்டில் வேகவைத்தால்தான் இளகாமல் நிற்கும். விளங்கியதை மச்சானிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தக் கொட்டடி வேலையைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் நிமிர்ந்து உட்காருவார். பிஸ்கட் பெட்டியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நாட்குறிப்போடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலை எண்களையும் மாலை எண்களையும் காட்டினேன்.

"என்ன மச்சான், டைரியில எழுதி வச்சா ரப்பர் பயந்துருமா?" என்றார்.

"வெயில்ல எளகுது மச்சான்."

"எளகுதா? ஒரு ஷீட்டத் தூக்கி நாலு ஆள் இழுத்தாலும் அறுக்க முடியாது. தெரியும்ல?"

வாசலில் கார் வெயிலில் நின்றது. அவரே மிச்சமிருந்த புஷ் ஒன்றை எடுத்துப்போய் பானட் மேல் வைத்தார். "காப்பி குடிச்சிட்டு வந்து பாப்போம்." காப்பி குடித்தோம். அக்கா எனக்கு மட்டும் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தோம். மச்சான் விரலால் அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. அடுக்கிய சதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எது எந்தத் துண்டு என்று தெரியாமல் போயிருந்தது.

நகத்தால் அதைப் பிரிக்கப் பார்த்தார்.

"கொட்டடியிலேர்ந்து சூடா எடுத்து அடுக்கினா ஒட்டிக்கும்னு புது ஆளுங்கள நான் ஏசுவேன் மச்சான்" என்றார். "ஆற வச்சுதான் அடுக்கணும். எனக்கே தெரியும்." புஷ்ஷைக் கீழே வைத்தார். "பதினேழு வருஷம் ரப்பர்லயே கெடந்தேன். ஷீட்ட மூட்டகட்டி லாரியில ஏத்துற வரைக்கும்தான் எனக்குத் தெரியும். டயர் எப்படிச் செய்றான்னு ஒருநாள்கூடப் பாத்ததில்ல."

நான் நாட்குறிப்பை மூடினேன். அப்போது என் மனைவி வாய் திறந்தாள்.

"அண்ணன் மேல மட்டும் பழி போடாதீங்க. அன்னைக்கு நீங்க தேங்காயெண்ணெய் போத்தல எடுத்துக்கிட்டு காடிக்கு அடியில போனீங்களே, அதையும் டைரியில எழுதியிருக்கா?"

எழுதவில்லை. கீச் சத்தம் போக நான் இரண்டு புஷ்ஷுக்கும் தாராளமாகத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தேன். ஏற்கெனவே இளகும் ரப்பர், அதன் மேல் எண்ணெய். கம்பி வழுக்காமல் வேறு என்ன செய்யும்? தினமும் இரண்டு வேளை அளந்து எழுதிய நான், என் கையால் செய்த ஒரே காரியத்தை எழுதாமல் விட்டிருந்தேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தார். "வறுக்கலாம்னு பாத்தீங்களா மச்சான்?" அக்கா உள்ளே இருந்து சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் மச்சானே தவ்கேயின் பட்டறைக்குப் போனார். நான் போகச் சொல்லவில்லை. லாரியின் அடியில் வைக்கும் கெட்டி ரப்பர் கட்டை ஒன்றை அங்கே வாங்கி, மாதிரியைப் பார்த்து அவரே அறுத்தார். கத்தியைச் சவுக்காரத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தால்தான் கெட்டி ரப்பர் நேராக அறுபடும் என்று தவ்கே சொல்லிக்கொடுத்தாராம். "கேட்டுக்கிட்டேன்" என்றார் மச்சான், அவ்வளவுதான். ஓட்டையைக் கம்பியைவிடக் கொஞ்சம் சிறிதாகவே போட்டிருந்தார். ஒரு பக்கம் கீறிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து நெம்பித்தான் அதைக் கம்பியில் மாட்ட முடிந்தது. எண்ணெய் போத்தலை என் மனைவி ஒளித்து வைத்திருந்தாள்.

தவ்கே செய்த வளையங்கள் இரண்டும் விரற்கடை அகலம். பாதி பாதியாக வெட்டி, இரு பக்கமும் போல்ட். வளையம் உட்காரும் இடத்தில் கம்பியின் சிவப்புப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கச் சொன்னார். பெயிண்டின் மேல் பிடித்தால் பெயிண்டோடு நழுவிவிடும். ஒவ்வொரு பிராக்கெட்டின் வெளிப்பக்கமும் ஒரு வளையம். கம்பி இடப்பக்கம் போகப் பார்த்தால் வலது வளையம் வலது புஷ்ஷில் முட்டி நிற்கும், வலப்பக்கம் போகப் பார்த்தால் இடது வளையம் நிறுத்தும். புஷ்ஷை நெருக்கி அமுக்கவும் கூடாது என்று நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் செருகி இடைவெளி வைத்து இறுக்கிவிட்டுப் பத்திரிகையை உருவினோம். பத்திரிகை வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, வீடு முழுக்க அதுதான் கிடந்தது. இடது கோல் கொஞ்சம் சாய்ந்து நின்றதையும் தவ்கே கண்டுபிடித்தார். கம்பி முறுகும்போதெல்லாம் அது கம்பியை இடப்பக்கம் இழுத்திருக்கிறது. ஒரு வாஷர் வைத்து நிமிர்த்தினார். பிரேக் குழாயைப் புதிதாக மாற்றினோம்.

அன்றிலிருந்து நாட்குறிப்பில் காலையும் சுழியம், மாலையும் சுழியம். பத்து நாள் வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அக்காவைக் கூப்பிட்டேன். பாதி வழியில் இருக்கும் போத்தா வரை போனோம். ஆற்றுப் பாலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். என்னோடு பேசவும் ஆரம்பித்தாள், அதாவது ஏசவும் ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடிந்ததும் கிளம்பினோம். வளைவுகளில் நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். இரண்டு லாரிகளும் ஒரு சைக்கிளும் எங்களைத் தாண்டிப் போயின.

"ஏன் தம்பி, கல்யாணம் நாளைக்குத்தானே? இன்னைக்கே போய்ச் சேர வேண்டாம்னு பாக்குறியா?"

"மெதுவாப் போனா ஒனக்கு நல்லதுக்கா."

"பூச்சரம் வாடிரும். மிதி."

மிதித்தேன். ஆயர் தாவார் தாண்டும்போது மச்சான் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வரிசை வைப்பதில் தாய்மாமன் பக்கம் எத்தனை தட்டு என்று என் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். மண்டப வாசலில் நிறுத்தியதும், முந்தின நாளே உறவினரோடு வந்திருந்த மகள் ஓடி வந்தாள். இறங்கிய அக்கா தூணையோ கதவையோ பிடிக்கவில்லை. மகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருடி இந்தப் பொட்டு வச்சது? கோணலா இருக்கு" என்று சொல்லி, கட்டை விரலால் அழித்துவிட்டுத் திரும்ப வைத்தாள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் தாரை வார்க்கும்போது மச்சானும் அக்காவும் சேர்ந்து நின்று நீர் ஊற்றினார்கள். மாப்பிள்ளையின் அப்பா சக்கர நாற்காலியில் இருந்தபடியே கை கூப்பினார். பந்தியெல்லாம் முடிந்து, மத்தியானம் மண்டபத்துப் பின்பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஈப்போவுக்குத் திரும்ப மூன்று மணிக்குக் கிளம்பலாம் என்று நான் திட்டம் போட்டிருந்தேன்.

"லுமுட் இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் அக்கா.

"பக்கம்தான். கால் மணி நேரம்."

"கடல் இருக்கும்ல?"

"இருக்கும்."

"பாத்து எத்தனையோ வருஷமாச்சு" என்றாள். பிறகு எழுந்து, செருப்பை மாட்டி, யாரையும் கேட்காமல் காரின் முன் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். மச்சான் இன்னும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவள் ஹாரனை இரண்டு முறை அடித்தாள்.